வங்கத்து வள்ளல் ஹாஜி முஹம்மது முஹ்ஸின்

கொடுப்பதற்கு ஈரமுள்ள நெஞ்சு இருந்தால் போதும். ஆனால் கொடுத்த பொருள் உரியவருக்குப் போய்ச் சேரவும், கொடுத்தவர் கண்மூடிய பின்னரும் பயன் தந்துகொண்டிருக்கவும் யோசனையும் வேண்டும், எழுத்தும் வேண்டும், காவலும் வேண்டும்.

நம் சமுதாயத்தில் கொடையாளிகளுக்குக் குறைவில்லை. ரமளான் பிறந்துவிட்டால் ஏழைகள் நம் வீட்டு வாசல்களைத் தேடி வருகிறார்கள். சேலையும் கைலியும் சில்லறையும் கொடுத்து அனுப்புகிறோம். அடுத்த ரமளானிலும் அதே கைகள்தாம் அதே வாசலில் நீளுகின்றன. கொடுத்தது வீண் என்று நாம் சொல்லவில்லை. அல்லாஹ்வுக்காகக் கொடுத்த பேரீச்சம்பழத்தின் ஒரு துண்டும் வீணாவதில்லை. ஆயினும், அந்தக் கை மறு ஆண்டும் நீளாமலிருக்க நாம் என்ன வழி செய்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்வும், அவருடைய மரணத்திற்குப் பின் அவரது கொடைக்கு நேர்ந்த வரலாறும் சேர்ந்து விடை கூறுகின்றன. வங்காளத்தில் அவர் பெயரை அறியாத முஸ்லிம் வீடு அரிது. தமிழ் நாட்டில் அவரை அறிந்தோர் சிலரே. அவர்தாம் ஹாஜி முஹம்மது முஹ்ஸின் அவர்கள்.

பிறப்பும் வளர்ப்பும்

கல்கத்தாவுக்கு வடக்கே, கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றின் கரையில் ஹூக்ளி என்ற பழைய துறைமுக நகரம் இருக்கிறது. கல்கத்தா தலையெடுப்பதற்கு முன் வங்காளத்தின் கடல் வாணிபம் பெரும்பாலும் இந்நகரைச் சார்ந்தே நடந்தது. பாரசீகத்திலிருந்து வந்த வணிகக் குடும்பங்கள் பல இங்கே குடியேறியிருந்தன. அத்தகைய ஒரு குடும்பத்தில் 1732-ஆம் ஆண்டு முஹ்ஸின் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் ஹாஜி பைஜுல்லாஹ். தாயார் ஜைனப் கானம்.

தாயாருக்கு இது இரண்டாவது திருமணம். முதல் கணவரான ஆகா முதஹ்ஹர் பெருஞ்செல்வர். யசோர் பகுதியில் அவருக்குப் பரந்த நிலங்கள் இருந்தன. அவருக்கு மன்னுஜான் என்று ஒரே மகள். சொத்து முழுவதையும் அவர் அந்த மகளுக்கே விட்டுச் சென்றார். ஆக, முஹ்ஸின் அவர்களும் மன்னுஜான் அவர்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்; தந்தையர் வேறு. செல்வம் அக்காளுடையது. தம்பிக்கு அதில் உரிமை ஏதும் இல்லை. இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள். அவர்களிடையே இருந்த பாசத்தை வங்காளத்தார் இன்றும் எடுத்துச் சொல்வதுண்டு.

முஹ்ஸின் அவர்கள் ஹூக்ளியிலும், பிறகு நவாபுகளின் தலைநகரான முர்ஷிதாபாத்திலும் கல்வி பயின்றார்கள். அரபியும் பாரசீகமும் கற்றார்கள். அழகிய கையெழுத்து உடையவர்கள். திருக்குர்ஆனைத் தம் கையாலேயே பிரதி செய்து வந்தார்கள் என்றும், அதனால் கிடைத்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள் என்றும் கூறப்படுகிறது. பிறகு ஊரைவிட்டுப் புறப்பட்டு ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். அரபு நாடு, ஈராக், ஈரான், துருக்கி எனப் பல நாடுகளைச் சுற்றினார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பயணம் நீண்டது. அவர்கள் திருமணம் செய்துகொள்ளவே இல்லை.

அந்த ஆண்டுகளில் வங்காளம் தலைகீழாக மாறிவிட்டது. 1757-இல் பிளாசிப் போர் நடந்தது. 1765-இல் வரி வசூலிக்கும் அதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1769, 1770 ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். 1793-இல் கம்பெனி நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் வரியைக் கட்டாத ஜமீன் ஏலத்திற்குப் போய்விடும். எத்தனையோ பழைய குடும்பங்கள் இப்படி ஒரே நாளில் தரித்திரமாயின.

தேடி வந்த செல்வம்

இத்தகைய காலத்தில் கணவரை இழந்த மன்னுஜான் அவர்கள் தம் நிலங்களைத் தாமே நிர்வகித்துக் காப்பாற்றினார்கள். அந்த அம்மையாருக்குப் பிள்ளைகள் இல்லை. 1803-இல் அன்னார் காலமானபோது சொத்து முழுவதும் தம்பிக்கு வந்து சேர்ந்தது.

அப்போது முஹ்ஸின் அவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. மனைவி இல்லை, மக்கள் இல்லை. பக்கீரைப்போல் ஊர் ஊராகத் திரிந்த மனிதர். எழுபது வயதில் வந்த பெருஞ்செல்வத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம்.

இருந்ததையெல்லாம் ஒரே நாளில் ஏழைகளுக்கு வாரி இறைத்திருக்கலாம். ஊரே புகழ்ந்திருக்கும், சில மாதங்களில் எல்லாம் தீர்ந்திருக்கும். அவரோ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உமர் (ரலி) அவர்களுக்குக் காட்டிய வழியைத் தேர்ந்துகொண்டார். கைபரில் தமக்குக் கிடைத்த சிறந்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் யோசனை கேட்டபோது, அடிநிலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். அதன்படி அந்த நிலம் விற்கப்படவும் கூடாது, அன்பளிப்பாகத் தரப்படவும் கூடாது, வாரிசுரிமையாகவும் போகக்கூடாது என்று ஆயிற்று. ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் முதலியோருக்கு அதன் பலன் சென்றது. அதைப் பார்த்துக்கொள்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்றும் விதிக்கப்பட்டது. வக்ஃபு என்னும் பெரும் ஏற்பாட்டின் வேர் இதுதான்.

ஒன்பது பங்கு

1806-ஆம் ஆண்டு ஹாஜி முஹ்ஸின் அவர்கள் வக்ஃபுப் பத்திரம் எழுதினார்கள். சொத்தின் வருமானத்தில் அரசாங்க வரி போக மிஞ்சுவதை ஒன்பது பங்காக வகுத்தார்கள். மூன்று பங்கு மார்க்கக் காரியங்களுக்கு. பாத்திஹா ஓதுவது, முஹர்ரம் செலவு, இமாம்பாராவையும் அடக்கத்தலத்தையும் பழுதுபார்ப்பது ஆகியவை இதில் அடங்கும். நான்கு பங்கு ஊழியர்களின் சம்பளத்திற்கும், பட்டியலிட்டுக் குறித்த உதவித் தொகைகளுக்கும், தர்மத்திற்கும். எஞ்சிய இரண்டு பங்கு, நிர்வாகிகளாக அவர் நியமித்த இரண்டு முத்தவல்லிகளுக்கு ஆளுக்கொன்று.

அன்னார் ஷியா மரபைச் சேர்ந்த குடும்பத்தினர். மார்க்கக் காரியங்களுக்கென்று அவர் குறித்தவை அந்த மரபை ஒட்டியவை. ஆனால் பிற்காலத்தில் அந்த வக்ஃபின் பயனைப் பெற்ற வங்க முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஸுன்னிகள்.

இந்தப் பத்திரத்தில் உள்ள விவேகத்தைப் பாருங்கள். நிலம் அப்படியே இருக்கும்; வருமானம் மட்டுமே செலவாகும். எந்தச் செலவுக்கு எவ்வளவு என்பது விகிதமாக வரையறுக்கப்பட்டுவிட்டது. விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடாது. வேலை செய்பவனுக்கும் பங்கு உண்டு. ஆகவே ஜமீன் ஏலத்துக்குப் போகாமல் காப்பது அவனுக்கும் நலம்.

பத்திரத்தை எழுதிய பிறகு ஹாஜியார் அவர்கள் எளிய வாழ்க்கையே வாழ்ந்தார்கள். 1812-ஆம் ஆண்டு, எண்பதாவது வயதில், ஹூக்ளியிலேயே காலமாகி அங்கேயே அடங்கினார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வேலியே பயிரை மேய்ந்தது

வழக்கமாக வள்ளல்களின் வரலாற்றை இந்த இடத்தோடு முடித்துவிடுவோம். நாம் முடிக்கப்போவதில்லை. கொடையின் சோதனை கொடையாளியின் மௌத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முத்தவல்லிகளுக்குப் பங்கு கொடுத்த ஹாஜியார், அவர்களிடம் கணக்குக் கேட்க ஒருவரையும் நியமிக்கவில்லை. தங்களால் இயலாதபோது தகுந்தவர் என்று தாங்கள் நினைப்பவரை அந்த இடத்தில் அமர்த்தும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது. விளைவு என்ன? பூசலும் மோசடியும் தலைதூக்கின. வக்ஃபுப் பணம் போன வழி தெரியவில்லை. வக்ஃபுகளை மேற்பார்வையிட 1810-இல் இயற்றப்பட்டிருந்த ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டு கம்பெனி அரசாங்கம் தலையிட்டது, முத்தவல்லிகளை நீக்கியது. அதை எதிர்த்து வழக்கு நடந்தது. 1830-களின் நடுப்பகுதி வரை அது இழுத்துக்கொண்டே போனது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு நல்ல மனிதரின் தர்மம் நீதிமன்றப் படிக்கட்டில் கிடந்தது. ஹாஜியாரின் எண்ணத்தில் குற்றமில்லை. நம்பிக்கைக்குரியவர்கள் என்று தாம் கருதியவர்களிடம் பொருளை ஒப்படைத்தார். அந்த நம்பிக்கைக்கு ஒரு காவல் வைக்க மறந்தார். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிக்கொள்ளுமாறும், சாட்சி வைத்துக்கொள்ளுமாறும் நமக்குக் கட்டளையிடுகிறது திருமறை. அல்லாஹ்வுக்கென்று ஒதுக்கிய பொருளுக்கு அதைவிட அதிகமான பேணுதல் வேண்டாமா?

கல்லூரி எழுந்தது

வழக்கு நடந்த ஆண்டுகளில் வருமானம் சேர்ந்துகொண்டே வந்தது. பல இலட்சம் ரூபாய் திரண்டுவிட்டது. இந்தப் பெருந்தொகையை அரசாங்கம் ஒரு கல்லூரி அமைக்கப் பயன்படுத்தியது. 1836 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஹூக்ளியை அடுத்த சுன்சுராவில் முஹம்மது முஹ்ஸின் கல்லூரி திறக்கப்பட்டது. ஆங்கிலப் பிரிவு ஒன்றும், அரபி, பாரசீகம் கற்பிக்கும் பிரிவு ஒன்றும் அதில் இருந்தன. திறந்த சில நாட்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். பிற்காலத்தில் புகழ்பெற்ற வங்க நாவலாசிரியர் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர் பயின்ற இடமும் இதுவே.

ஆனால் ஆங்கிலப் பிரிவில் முஸ்லிம் மாணவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாகவே இருந்தார்கள். இந்துச் சகோதரர்கள் படித்ததில் நமக்கு வருத்தம் ஏதுமில்லை. அறிவுத் தாகத்தோடு வந்தவர்கள் நீரருந்தினார்கள். ஊருணியை வெட்டியவரின் சமுதாயம் ஏன் தாகத்தோடு நின்றது என்பதே நமது கவலை.

அதற்குக் காரணங்கள் பல. வங்க முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்தின் கிராமங்களில் வாழ்ந்த உழவர்கள். கல்லூரியோ மேற்கே ஆற்றங்கரை நகரில் இருந்தது. அங்கு தங்கிப் படிக்கவும் கட்டணம் கட்டவும் அவர்களிடம் வசதியில்லை. ஆங்கிலக் கல்வி பிள்ளைகளின் மார்க்கப் பற்றைக் குலைத்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. அதே வேளையில், கல்லூரி திறந்த மறு ஆண்டே, 1837-இல், நீதிமன்றங்களிலிருந்து பாரசீக மொழியை அகற்ற வழிசெய்யும் சட்டம் வந்தது. பாரசீகம் படித்து உத்தியோகம் பார்த்துவந்த குடும்பங்கள் திகைத்து நின்றன. படிப்பு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், தங்கள் பெரியார் ஒருவரின் பணத்தில் எழுந்த கல்லூரிக்குள் அவர்களால் நுழைய முடியவில்லை.

வாசலைத் திறந்து வைத்துவிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். வாசல்வரை நடந்துவர இயலாதவர் யார், ஏன் வரவில்லை என்று விசாரிப்பதும் தர்மத்தின் ஒரு பகுதியாகும்.

உரியவர்களைத் தேடிச் சென்ற உதவி

இதற்கிடையே, 1841-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் உழைத்து, ஹூக்ளி ஆற்றங்கரையில் பெரிய இமாம்பாரா கட்டப்பட்டது. அதன் மணிக்கூண்டுக் கோபுரத்தை இன்றும் நெடுந்தூரத்திலிருந்தே காணலாம். கட்டடம் உயர்ந்தது. கல்வி பற்றிய குறை மட்டும் தீரவில்லை.

இந்த அநீதியைச் சிலர் விடாமல் எடுத்துச் சொல்லி வந்தார்கள். 1863-இல் கல்கத்தாவில் முஹம்மதிய இலக்கியச் சங்கத்தை நிறுவிய நவாப் அப்துல் லத்தீப் அவர்கள் அவர்களில் முதன்மையானவர். 1871-இல் ஆங்கில அதிகாரி வில்லியம் ஹண்டர் இந்திய முஸ்லிம்களின் நிலையைப் பற்றி எழுதிய நூலிலும், முஹ்ஸின் வக்ஃபுப் பணம் முஸ்லிம்களுக்குப் பயன்படாமல் போனது கடுமையாகச் சுட்டிக்காட்டப்பட்டது.

1873-இல் அரசாங்கம் தன் போக்கை மாற்றிக்கொண்டது. ஹூக்ளிக் கல்லூரியின் செலவை அரசாங்கமே ஏற்றது. விடுபட்ட முஹ்ஸின் நிதி முஸ்லிம்களின் கல்விக்கென்று ஒதுக்கப்பட்டது. டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹி ஆகிய மூன்று கிழக்கு வங்க நகரங்களில் மதரஸாக்கள் ஏற்பட்டன. அரசாங்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிக்கும் முஸ்லிம் மாணவரின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை இந்த நிதி கட்டியது. மாவட்டப் பள்ளிகளில் அரபியும் பாரசீகமும் கற்பிக்க ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது.

ஒரே நகரில் ஒரு பெரிய கட்டடத்திற்குச் சென்றுகொண்டிருந்த பணம், இப்போது ஊர் ஊராகப் பிள்ளைகளைத் தேடிச் சென்றது. அவர்கள் வாழும் பக்கத்திலேயே படிப்பு. மார்க்கக் கல்வியும் உண்டு என்பதால் பெற்றோரின் அச்சமும் குறைந்தது. பையன் ஒரு பங்கு கட்டினால் நிதி இரண்டு பங்கு கட்டும் என்பதால், ஒரே தொகை பலருக்குப் பயன்பட்டது. வங்க முஸ்லிம்களில் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அதிகாரிகளும் கொண்ட ஒரு படித்த தலைமுறை உருவானதில் முஹ்ஸின் நிதிக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடும் செய்தி ஒன்று இருக்கிறது. ஹூக்ளியில் படித்த முஸ்லிம் மாணவர்களில் ஒருவர் சையித் அமீர் அலி. 1849-இல் பிறந்த அவர் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், 1909-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் இடம்பெற்ற முதல் இந்தியராகவும் உயர்ந்தார். இஸ்லாமியச் சட்டத்தைப் பற்றியும், குறிப்பாக வக்ஃபைப் பற்றியும், அவர் எழுதியவை நீதிமன்றங்களில் மதிப்புப் பெற்றன. அவரே 1876 முதல் 1904 வரை ஹூக்ளி இமாம்பாரா நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்து தொண்டாற்றினார். ஊருணியில் நீரருந்திய பிள்ளையே வளர்ந்து அதன் கரையைக் காக்க வந்தார்!

கல்லூரியின் பெயரிலிருந்து ஹாஜியாரின் பெயர் இடையில் மறைந்து, ஹூக்ளிக் கல்லூரி என்றே வழங்கி வந்தது. நூற்றாண்டு நிறைந்த 1936-இல் முஹ்ஸின் என்ற பெயர் மீண்டும் அதில் சேர்ந்தது. வங்க தேசத்தின் சிட்டகாங்கில் 1874-இல் தொடங்கிய மதரஸாவின் வழியில் வந்த கல்லூரியும் இன்று அவர் பெயரால் விளங்குகிறது. நாடு இரண்டாகி, பிறகு மூன்றான பின்னரும், எல்லையின் இரு பக்கமும் அந்தப் பெயர் நிற்கிறது. பிள்ளையில்லாத அந்தப் பெரியாருக்கு எத்தனை ஆயிரம் பிள்ளைகள்!

நமக்கு வேண்டிய படிப்பினை

மனிதன் இறந்தவுடன் அவன் செயல்கள் நின்றுவிடுகின்றன. நிலைத்து ஓடும் தர்மம், பயன்தரும் கல்வி, தனக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றின் நன்மை மட்டும் தொடர்கிறது என்ற கருத்துடைய நபிமொழியை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஸதக்கத்துல் ஜாரியா என்று பெயர் சொல்லிவிட்டால் மட்டும் தர்மம் ஓடிக்கொண்டிருக்காது. வாய்க்கால் வெட்டி, கரை கட்டி, அடைப்பு எடுத்தால்தான் நீர் ஓடும்.

ஹாஜியாரைப்போல் ஜமீன் நம்மிடம் இல்லை. ஆனால் ஒரு கடை, ஒரு தோப்பு, ஒரு வீட்டு மனை வைத்திருப்பவர் நம்மில் பலர். அதில் ஒன்றை வக்ஃபு செய்ய நினைப்பவர் முதலில் தம் வாரிசுகளை நினைக்கட்டும். ஹாஜியாருக்கு மனைவி மக்கள் இல்லை. ஆகவே முழுவதையும் கொடுத்தார். மக்களுடையோர் மரண சாசனத்தால் கொடுக்கக்கூடியது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச்செல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை.

அடுத்து, எழுத வேண்டும். எந்தச் செலவுக்கு எத்தனை பங்கு, யார் நிர்வகிப்பது, அவருக்குப் பின் யார், அவரிடம் கணக்குக் கேட்பவர் யார் என்பனவெல்லாம் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஹாஜியார் கடைசிக் கேள்வியை எழுதாமல் விட்டதற்கு இருபது ஆண்டுகள் விலை கொடுக்க நேர்ந்தது. ஆண்டுக்கொருமுறை ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் முன்னிலையில் வரவு செலவை வாசிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். நேர்மையான முத்தவல்லிக்கு அது பாதுகாப்பு, மற்றவருக்கு அது கடிவாளம். மிச்சமாகும் தொகையை இன்ன வகையில் செலவிடலாம் என்றும் குறித்து வைக்க வேண்டும். ஹாஜியாரின் கொடையில் மிஞ்சிய பணமே கல்வியாக மலர்ந்தது. அவர் தம் கைப்பட அதை எழுதியிருந்தால், 1836-க்கும் 1873-க்கும் இடையே ஒரு தலைமுறை ஏங்கி நின்றிருக்க வேண்டியதில்லை.

சொத்து இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். ஒரு தெருவில் பத்து வீட்டார் கலந்து பேசி, ஜகாத்தில் ஒரு பகுதியைச் சேர்த்து, தகுதியுள்ள ஒரு விதவையிடம் தையல் இயந்திரம் வாங்குவதற்குப் போதுமான தொகையாகக் கொடுக்கலாம். படிப்பை நிறுத்திய ஓர் ஏழைப் பையனின் கட்டணத்தை அவன் படித்து முடிக்கும்வரை ஏற்கலாம். கொடுத்ததோடு நின்றுவிடாமல், ஆறு மாதம் கழித்து அந்த இயந்திரம் ஓடுகிறதா, அந்தப் பையன் பள்ளிக்குப் போகிறானா என்று அன்போடு விசாரிக்கலாம். அடுத்த ரமளானில் நம் வாசலுக்கு வரும் கைகளில் ஒன்று குறைந்திருந்தால், நம் தர்மம் சரியான வழியில் சென்றது என்று ஆறுதல் கொள்ளலாம்.

வல்ல அல்லாஹ் ஹாஜி முஹம்மது முஹ்ஸின் அவர்களின் கொடையையும், அதைக் காத்து உரியவர்களிடம் சேர்த்த நன்மக்களின் உழைப்பையும் ஏற்றுக்கொள்வானாக! நாம் கொடுப்பதைச் சிந்தித்துக் கொடுக்கவும், கொடுத்ததைக் காக்கவும் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.